கொள்கலன்களுங் களையெடுப்பும்

கணினிச் சேவையகம் ஒன்றைப் பேணுவோர் பெரிதும் அஞ்சுஞ் செய்திகளுள் ஒன்று, ‘வட்டில் இடமில்லை’ என்பது. மின்சாரம் நின்றாற் கணினி நின்றுவிடும். காரணமும் உடனே புலப்படும். வட்டு நிறைந்தாலோ கணினி நிற்பதில்லை. நோயுற்றவர் நடமாடுவது போல அரைகுறையாக இயங்கிக்கொண்டிருக்கும். தரவுத்தளம் புதிய பதிவுகளை ஏற்க மறுக்கும். நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேடுகளும் எழுதப்படாமற் போகுமாதலின், நோய் இன்னதென்று அறியும் வழியும் அடைபட்டுவிடும். இங்ஙனம் நிறைந்த வட்டை ஆராய்ந்து பார்த்தால், அங்கே குவிந்து கிடப்பவை பல வேளைகளிற் பயனாளருடைய தரவுகள் அல்ல. என்றோ ஓடி முடிந்த கொள்கலன்களும், பெயரிழந்த படிமங்களும், ஒருவருங் கேளாத இடைச்சேமிப்புகளுமே ஆம். இவற்றைக் கட்டளை வரியிலிருந்து களையுமாறு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். கட்டளைகள் சிலவே, ஒரு நாளில் மனனஞ் செய்துவிடலாம். ஆயின், எதனைக் களை என்பது, எதனைப் பயிர் என்பது என்னும் வினாவிற்றான் சிக்கல் முழுவதும் உளது.

முதலிற் கொள்கலன் என்பதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு கணினியில் ஓடும் ஒரு நிரலை ஏனைய நிரல்களினின்றும் மறைத்து, தனக்கென ஒரு கோப்புலகம் உளதென்று எண்ணச்செய்யும் முயற்சி 1979ஆம் ஆண்டு யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த ‘சிஹெச்ரூட்’ என்னும் வசதியோடு தொடங்குகின்றது. 2000ஆம் ஆண்டில் பிரீபீஎஸ்டீ முறைமை ‘ஜெயில்’ என்னும் பெயரால் அதனை வலுப்படுத்திற்று. லினக்ஸ் கேர்னலில் ஒவ்வொரு நிரற்கூட்டத்துக்கும் இவ்வளவு நினைவகம், இவ்வளவு கணிப்புநேரம் என்று அளந்துகொடுக்கும் ‘சீகுறூப்’ வசதி 2008இற் சேர்ந்தது. இவை யாவும் வல்லுநர் கையில் மட்டும் இருந்த கருவிகள். 2013 மார்ச்சு மாதம் டொட்கிளவுட் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த சொலமன் ஹைக்ஸ், அமெரிக்காவின் சான்ரா கிளாராவில் நடந்த பைதன் மாநாட்டில், இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் அடக்கிய ‘டொக்கர்’ என்னும் மென்பொருளைக் காட்டினார். அதன்பின் கொள்கலன் என்பது மாணவனுடைய மடிக்கணினிவரை வந்துவிட்டது. பெயர் கப்பற்றுறையிலிருந்து வந்தது. 1956 ஏப்பிரிலில் ‘ஐடியல் எக்ஸ்’ என்னுங் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து நியூவாக்கிலிருந்து ஹியூஸ்ரனுக்குச் சென்ற நாள்முதற் கடல் வாணிகம் எவ்வாறு மாறிற்றோ, அவ்வாறே மென்பொருள் வாணிகமும் மாறிற்று என்பது பெயரிட்டோர் கருத்து. கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கடுக்காய் நிற்கும் பெட்டிகளைக் கண்டோர்க்கு உவமை எளிதில் விளங்கும். ஆயினும், துறைமுகத்தில் வெறும் பெட்டி கண்ணை உறுத்தும். கணினியில் வெறும் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. குப்பை குவிவதற்கு இதுவே முதற் காரணம்.

இனி, நான்கு பொருள்களை வேறுவேறாக அறிதல் வேண்டும். ஒரு நிரலும் அது ஓடுதற்கு வேண்டிய நூலகங்களும் அடங்கிய, எழுதவியலாத வார்ப்பச்சுப் போன்றது படிமம். அவ்வச்சிலிருந்து வார்த்தெடுத்து ஓடவிடப்படுவது கொள்கலன். ஓர் அச்சிலிருந்து எத்தனை வார்ப்பும் எடுக்கலாம். படிமம் ஒரே கட்டியன்று. படைமேற் படையாக அடுக்கப்பட்டது. அடியில் இயக்க முறைமையின் கோப்புகள், அதன்மேல் மொழிக்குரிய நூலகங்கள், அதன்மேல் நமது நிரல் என்றிவ்வாறு படைகள் அமையும். ஒவ்வொரு படையும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட 256 பிற்று நீளமுள்ள எண்ணால் அறியப்படுதலின், ஒரே படையைப் பத்துப் படிமங்கள் வேண்டினாலும் வட்டில் அது ஒருமுறையே இருக்கும். கொள்கலன் ஓடும்போது இப்படைகளின் உச்சியில் எழுதத்தக்க மெல்லிய படை ஒன்று சேர்க்கப்படுகின்றது. கொள்கலனுள் மாற்றிய கோப்பெல்லாம் இம்மெல்லிய படையிலேயே கிடக்கும். கொள்கலனை நீக்கினால் அதுவும் நீங்கும். எனவே நிலைத்திருக்க வேண்டிய தரவுகளை வைத்தற்கு நான்காவதாக ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தில் வொலியூம் என்பர்; நாம் களஞ்சியம் என்போம். கொள்கலன் அழிந்தாலுங் களஞ்சியம் அழியாது. அழியாமை அதன் சிறப்பு. அழியாது குவிதல் அதன் குறை.

குப்பை எவ்வாறு உண்டாகின்றது என்பதை ஒரு மாணவனின் ஒரு நாள் வேலையிலே காணலாம். அவன் தன் நிரலைத் திருத்தி, ‘பாடம்’ என்னும் பெயர்ச்சீட்டோடு ஒரு படிமத்தை ஆக்குகின்றான். ஓட்டிப் பார்க்கின்றான், பிழை காண்கின்றான், நிறுத்துகின்றான். நின்ற கொள்கலன் நீங்குவதில்லை. நின்றபடியே வட்டில் இருக்கும். பிழையைத் திருத்தி மீண்டும் அதே பெயர்ச்சீட்டோடு படிமம் ஆக்கும்போது, பெயர்ச்சீட்டு புதிய படிமத்துக்கு மாறிவிடும்; பழைய படிமமோ பெயரின்றி அநாதையாகும். பட்டியலில் அதன் பெயருக்குரிய இடத்தில் ‘நன்’, அஃதாவது ‘ஒன்றுமில்லை’, என்று காணப்படும். மாலைக்குள் அவன் முப்பது முறை திருத்தினானாயின் முப்பது நின்ற கொள்கலன்களும், முப்பதுக்குச் சற்றுக் குறைந்த அநாதைப் படிமங்களும் எஞ்சும். ஆக்கும் வேலையை விரைவுபடுத்துதற்காக இடைநிலை விளைவுகள் சேமிக்கப்படும் இடைச்சேமிப்பு வேறு உண்டு. அல்பைன் போன்ற சிற்றடித்தளப் படிமம் ஏறத்தாழ 5 முதல் 8 மெகாபைற்று அளவினதாக, பைதன் மொழியின் முழுப்படிமம் 1 கிகாபைற்றை அண்மிவிடும். இத்தகைய படிமங்களை நாள்தோறும் ஆக்கும் சேவையகமாயின் சில வாரங்களில் வட்டு நிறைதல் வியப்பன்று.

அங்ஙனமாயின், பயனற்றவற்றைக் கணினியே அறிந்து நீக்கிவிடலாகாதா? இவ்வினா டொக்கருக்கு நெடுநாள் முற்பட்டது. 1960ஆம் ஆண்டிலே லிஸ்ப் மொழியை வகுத்த ஜோன் மக்கார்த்தி, நினைவகத்திற் பயனற்றுப்போன பகுதிகளை மீட்கும் முறையொன்றை வெளியிட்டார். சில பொருள்களை ‘வேர்’ எனக் கொள்க. வேரிலிருந்து சுட்டுகள் வழியாகச் சென்று அடையத்தக்கவற்றையெல்லாம் குறியிடுக. குறிபெறாதது எதுவோ அது குப்பை. அதே ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பார், ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுகள் சுட்டுகின்றன என்று எண்ணிவைத்து, எண் சைபராகும்போது நீக்கும் வேறொரு முறையைக் கூறினார். இன்று நாம் வழங்கும் துப்புரவுக் கட்டளைகள் அனைத்தும் இவ்விரு கருத்துக்களின் வழித்தோன்றல்களே. இவற்றை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் ஒன்றே: ஒவ்வொரு கட்டளையும் எதனை வேராகக் கொள்கின்றது என்று கேட்டல் வேண்டும். வேர் எதுவெனத் தெரிந்தால், எது போகும், எது எஞ்சும் என்பதும் தெரியும். அன்றியும், கணினி தன்னுள் இருக்கும் வேர்களை மட்டுமே அறியும். ‘அடுத்த மாதப் பரீட்சைக்கு இது வேண்டும்’ என்று நம் மனத்திலிருக்கும் வேரை அது காணமாட்டாது.

கட்டளைகளுக்கு வருவோம். அவற்றை ஈண்டுத் தமிழ் ஒலிவடிவிலே தந்துள்ளோம். தட்டச்சிடுவோர் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இடுக. நீக்குமுன் காணல் வேண்டும்:

டொக்கர் சிஸ்டம் டீஎவ்

என்பது படிமம், கொள்கலன், களஞ்சியம், இடைச்சேமிப்பு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை, அவற்றுள் எத்தனை வழக்கிலுள்ளன, கொண்ட இடம் எவ்வளவு, மீட்கத்தக்கது எவ்வளவு என்று ஓர் அட்டவணை தரும். ‘-வீ’ என்பதையுஞ் சேர்த்தால் ஒவ்வொரு படிமத்துக்கும் பிறவற்றோடு பகிர்ந்த அளவு, தனக்கே உரிய அளவு என்பன பிரித்துக் காட்டப்படும். இதனைப் பாராது நீக்கத் தொடங்குவோர் பலர். 900 மெகாபைற்று என்று காட்டும் படிமத்தை நீக்கிய பின் வட்டில் 20 மெகாபைற்றே மீண்டதென்று அவர் மயங்குவர். அப்படிமத்தின் அடிப்படைகள் வேறு படிமங்களுக்கும் உரியனவாதலின், கொலின்ஸ் கூறிய எண் அவற்றுக்குச் சைபராகவில்லை என்பதே காரணம். இவ்வாறே இரு பெயர்ச்சீட்டுள்ள படிமத்தை ஒரு பெயரால் நீக்க முயன்றால், அப்பெயர் மட்டும் கழலும், படிமம் கிடக்கும்.

2017ஆம் ஆண்டுக்கு முன்னர் துப்புரவுக்கெனத் தனிக் கட்டளை டொக்கரில் இருக்கவில்லை. ஒவ்வொருவருந் தத்தமக்கு ஏற்ற கட்டளைக் கோவையை எழுதிக்கொண்டனர். அவற்றின் அமைப்பு மிகவும் எளியது. ‘டொக்கர் பீஎஸ் -ஏ -கியூ’ என்பது ஓடுவன, நின்றன எல்லாவற்றின் அடையாள எண்களை மட்டும் வரிசையாகத் தரும்; ‘-எவ் ஸ்ரேற்றஸ்=எக்சிற்றட்’ என்பதையுஞ் சேர்த்தால் ஓடி முடிந்தவை மட்டும் வரும். அவ்வரிசையை ‘டொக்கர் ஆர்எம்’ என்னும் நீக்கற் கட்டளைக்கு உணவாகக் கொடுப்பதே கோவையின் வேலை. யுனிக்ஸ் மரபின் அழகு இதிலே விளங்குகின்றது. ஒரு கருவி பட்டியலிடும், மற்றொன்று நீக்கும், இரண்டையும் இணைப்பவன் நாம். ஆயின் ஒரு சிறு நுட்பம் உண்டு. நீக்குதற்கு ஒன்றும் இல்லாத நாளில் வரிசை வெறுமையாகும். நீக்கற் கட்டளை தனக்குக் குறைந்தது ஒரு பெயராவது வேண்டுமென்று பிழை கூறும். பிழை கண்டால் நிற்குமாறு எழுதப்பட்ட கோவை அவ்விடத்திலேயே நின்றுவிடும். குப்பையின்மை பிழையாகக் கருதப்படுவது வேடிக்கையன்றோ? இதனைத் தவிர்த்தற்கு வரிசையை ‘எக்ஸ்ஆக்ஸ் -ஆர்’ என்னும் இடைக்கருவி வழியாகச் செலுத்துவர். லினக்சில் வழங்கும் ‘க்னூ’ வகைக் கருவியில் ‘-ஆர்’ என்பது, ‘ஒன்றும் வாராவிடின் ஒன்றுஞ் செய்யற்க’ என்னும் பொருளது. இசை நிறுவனமாகிய ஸ்பொற்றிவை அக்காலத்தில் வெளியிட்ட ‘டொக்கர்-ஜீசீ’ என்னுங் கோவை பலராலும் பயன்படுத்தப்பட்டது. நின்று ஒரு மணித்தியாலம் கழிந்த கொள்கலன்களையே அது நீக்கும். எஞ்சிய கொள்கலன்களுக்கு வேண்டாத படிமங்களைப் பின்னர் நீக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கும் அப்பண்பு போற்றத்தக்கது.

2017 ஜனவரியில் வந்த டொக்கர் 1.13, ‘புரூன்’ என்னுஞ் சொல்லால் இவ்வேலையைத் தன்னுள்ளே எடுத்துக்கொண்டது. அச்சொல் மரத்தின் கிளை நறுக்குதலைக் குறிப்பது. கொள்கலன், படிமம், களஞ்சியம், வலையமைப்பு என்பவற்றுக்குத் தனித்தனிப் புரூன் கட்டளைகளும், யாவற்றுக்கும் பொதுவாக ‘டொக்கர் சிஸ்டம் புரூன்’ என்பதும் வந்தன. இவற்றை மேற்கூறிய வேர் என்னும் திறவுகோலால் திறந்து பார்ப்போம்.

‘டொக்கர் கொன்ரெயினர் புரூன்’ என்பதற்கு ஓடிக்கொண்டிருத்தலே வேர். ஓடாத கொள்கலன் எதுவாயினும் குப்பையே. ஆக்கப்பட்டும் இன்னும் ஓடத் தொடங்காதவையும் அவற்றுள் அடங்கும். வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது எது, கைவிடப்பட்டது எது என்னும் வேறுபாடு அதற்கில்லை. கொள்கலனோடு அதன் மெல்லிய படையும் போய்விடும் என்பதை நினைவிற்கொள்க. அப்படையில் என்ன உளது என்று ஐயம் எழுந்தால் ‘டொக்கர் டிவ்’ என்னுங் கட்டளை மாறிய கோப்புகளைப் பட்டியலிடும். ‘டொக்கர் சீபீ’ நின்ற கொள்கலனிலிருந்துங் கோப்புகளை வெளியே எடுத்துத் தரும். நீக்கிய பின்னர் இவ்விரண்டும் பயன்படா.

‘டொக்கர் இமேஜ் புரூன்’ என்பதற்குப் பெயர்ச்சீட்டும் வேர், கொள்கலனும் வேர். இரண்டும் அற்ற அநாதைப் படிமங்களே நீங்கும். எனவே இஃது அச்சங் குறைந்த கட்டளை. அதனோடு ‘-ஏ’ என்னும் ஓரெழுத்தைச் சேர்த்தால் நிலைமை முற்றிலும் மாறும். அப்போது பெயர்ச்சீட்டு வேராகாது. கொள்கலன் ஒன்றே வேர். பெயர் தாங்கி, நாளை ஓட்டுதற்கென வைக்கப்பட்ட படிமமும் போகும். பொதுக் கட்டளையாகிய ‘சிஸ்டம் புரூன்’ இவ்விடத்தில் இன்னும் நுட்பமானது. அது நின்ற கொள்கலன்களை முதலில் நீக்கும்; அதன்பின்னரே படிமங்களை நோக்கும். நின்ற கொள்கலனால் மட்டும் காக்கப்பட்டிருந்த படிமம், காவல் நீங்கியமையால் அக்கணமே வேரற்றதாகிவிடும். எனவே ‘சிஸ்டம் புரூன் -ஏ’ என்பதன் உண்மைப் பொருள், ‘இந்த நிமிடத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு வேண்டாத படிமம் அனைத்தையும் நீக்குக’ என்பதே. இழந்த படிமத்தைப் பதிவகத்திலிருந்து மீண்டும் இறக்கலாம் என்பது மெய். ஆயின் 2020 நவம்பர் தொடக்கம் டொக்கர் ஹப் என்னும் பொதுப் பதிவகம் கணக்கின்றி இறக்குவோர்க்கு எல்லை விதித்துள்ளமையால், வகுப்பறையில் நாற்பது மாணவர் ஓர் இணைப்பு வழியாக ஒரே வேளையில் இறக்க முயன்றால் இடர்ப்பாடு நேரலாம். அன்றியும், பதிவகத்துக்கு அனுப்பப்படாது இம்மடிக்கணினியில் மட்டும் ஆக்கப்பட்ட படிமத்தை எங்கிருந்து இறக்குவது?

பழையவற்றை மட்டும் நீக்குதற்கு ‘--பில்ரர் அன்ரில்=168எச்’ என்று வடிகட்டி இடுவர்; 168 மணித்தியாலம், அஃதாவது ஒரு வாரம். இவ்வடிகட்டி பெரிதும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. ‘ஒரு வாரமாகப் பயன்படாதவை’ என்று பலர் பொருள்கொள்வர். அஃதன்று, ஆக்கப்பட்டு ஒரு வாரம் கழிந்தவை என்பதே பொருள். ஆறு மாதம் ஓடிப் பத்து நிமிடத்துக்கு முன் நின்ற கொள்கலன், ஆக்கிய நாளை நோக்கின் ஆறு மாதப் பழமையுடையது, ஆகவே நீங்கும். படிமத்தில் இது மேலும் விந்தையானது. நேற்று இறக்கிய படிமம் சென்ற ஆண்டு வேறோரிடத்தில் ஆக்கப்பட்டதாயின், வடிகட்டிக்கு அது சென்ற ஆண்டுப் பொருளே. சில ஆக்கற் கருவிகள், ஒரே மூலத்திலிருந்து எப்போதும் ஒரே எண்ணுள்ள படிமம் வருதல் வேண்டுமென்பதற்காக, ஆக்கிய நாளை மாறாத ஒரு பழைய திகதியாக இட்டுவிடுகின்றன; பில்ட்பாக் முறையில் ஆக்கிய படிமங்கள் 1980 ஜனவரி 1ஆந் திகதியைத் தாங்கி நிற்பதைக் காணலாம். டொக்கர் பிறப்பதற்கு முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன் பிறந்த படிமம்! இத்தகையவற்றை அன்ரில் வடிகட்டி ஒருநாளுங் காவாது.

நிற்க, இதுவரை கூறியவை இழந்தாலும் பெரும்பாலும் மீண்டும் ஆக்கத்தக்கவை. களஞ்சியம் அத்தகையதன்று. மாணவர் பதிவுகளைக் கொண்ட ஒரு தரவுத்தளம் கொள்கலனில் ஓடுகின்றதென்று வைத்துக்கொள்வோம். தரவுகள் களஞ்சியத்தில் உள்ளன. பதிப்பு மாற்றுதற்காகச் சனிக்கிழமை மாலை ஒருவர் ‘டொக்கர் கொம்போஸ் டவுன்’ என்று இட்டுக் கொள்கலனை இறக்குகின்றார். களஞ்சியம் அப்படியே இருக்கின்றது. எஞ்சிய வேலையைக் காலையிற் செய்வோமென வீடு செல்கின்றார். அக்கணத்தில் அக்களஞ்சியத்தைச் சுட்டும் கொள்கலன் ஒன்றும் இல்லை. கொலின்ஸின் எண் சைபர். நள்ளிரவு மூன்று மணிக்கு ‘குரோன்’ என்னுங் காலவேலையாள் விழித்துத் துப்புரவுக் கோவையை ஓட்டுகின்றது. கோவையிலே களஞ்சியத்துக்குரிய புரூன் கட்டளையும் உளது. வழக்கமாக அக்கட்டளை ‘உறுதியா?’ என்று கேட்கும். ஆனால் கேள்விக்கு விடையளிக்க ஆளில்லாத வேளையாதலின் ‘-எவ்’ இட்டுக் கேள்வி முன்னமே அடக்கப்பட்டிருக்கின்றது. காலையில் வந்து பார்ப்பவர் காண்பது வெறுங்களம். கோவையிற் பிழை யாதும் இல்லை; கட்டளையிலும் பிழை இல்லை. வேர் எது என்னுங் கேள்விக்குக் கணினி தந்த விடையும், மனிதர் நினைத்த விடையும் வேறுபட்டன, அவ்வளவே.

இத்தகைய இடர்களை உணர்ந்தே டொக்கர் ஆக்கியோர் இருமுறை பின்வாங்கினர். முதலிற் பொதுக் கட்டளையே களஞ்சியங்களையும் சேர்த்து நீக்கியது. 2017இல் வந்த 17.06.1 பதிப்புமுதல் ‘--வொலியூம்ஸ்’ என்று வெளிப்படையாகக் கூறினாலன்றி அது களஞ்சியத்தைத் தொடாது. 2023 பெப்ருவரியில் வந்த 23.0 பதிப்பு மேலும் ஒரு படி சென்றது. அதன்பின் ‘வொலியூம் புரூன்’ பெயரில்லாக் களஞ்சியங்களை மட்டும் நீக்கும். பெயரிட்டவற்றை நீக்க ‘--ஓல்’ என்று கூறல் வேண்டும். நம் முறையிற் சொன்னால், பெயரும் வேராக ஏற்கப்பட்டுவிட்டது. எனவே ஒரு கோவையை ஓட்டுமுன் சேவையகத்திலுள்ள பதிப்பு யாதென அறிதல் இன்றியமையாதது. ஒரே வரி பழைய பதிப்பில் ஒன்றும் புதிய பதிப்பில் வேறொன்றுஞ் செய்யும்.

புதிய பதிப்பிலும் ஒரு பொறி உண்டு. பொஸ்ற்கிறஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்களின் அதிகாரபூர்வப் படிமங்கள் தமக்குக் களஞ்சியம் வேண்டுமெனத் தம்முள்ளே எழுதி வைத்திருக்கின்றன. ஓட்டுவோர் பெயர் கொடாது ஓட்டினாற் டொக்கரே 64 எழுத்து நீளமுள்ள எண்ணொன்றைப் பெயராக இட்டுக் களஞ்சியம் ஆக்கிவிடும். அது பெயரில்லாக் களஞ்சியமாகவே கருதப்படும். தரவு நிலைத்திருக்கின்றதென்று ஓட்டியவர் நம்பியிருப்பார். கொள்கலனை நீக்கிய பின் வரும் முதற் புரூனிலே அது போய்விடும். ‘--ஆர்எம்’ இட்டு ஓட்டியிருப்பின் புரூனுக்குங் காத்திராது, கொள்கலன் நின்றவுடனே அதனோடு மறையும். ஆதலின் களஞ்சியத்துக்கு நாமே பெயரிடுதல் வேண்டும். இக்கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்பும் மாணவன் இதனை வைத்துக்கொள்வானாக.

இனி ஒரு கோவையை எழுதிப் பார்ப்போம். அதன் முதல் வரி ‘செற் -ஈயூ’ என்றிருத்தல் நன்று. ‘-ஈ’ என்பது ஒரு வரி பிழைத்தால் அடுத்த வரிக்குச் செல்லாது நிறுத்தும். ‘-யூ’ என்பது மதிப்பிடப்படாத மாறியைக் கண்டால் நிறுத்தும். நீக்கற் கோவைகளிற் பெருந்தீங்கு விளைப்பது வெறுமையான மாறியே. அடுத்து, டொக்கர் தன் பொருள்களை வைத்திருக்கும் ‘/வார்/லிப்/டொக்கர்’ என்னும் அடைவுள்ள வட்டு நூற்றுக்கு எத்தனை வீதம் நிறைந்துள்ளது என ‘டீஎவ்’ கருவியால் அறிந்து, குறித்த எல்லைக்குக் கீழாயின் ஒன்றுஞ் செய்யாது திரும்புக. வட்டில் இடமிருக்கையில் களையெடுத்தலாற் பயனில்லை. அடுத்த ஆக்கலுக்கு உதவும் இடைச்சேமிப்பு வீணே போகும். 2014இற் கூகிள் வெளியிட்ட குபெர்னெற்றீஸ் முறைமையும் இவ்வாறே செய்கின்றது. வேறாக அமைக்காவிடின், வட்டு 85 வீதம் நிறைந்ததும் நெடுநாட் பயன்படாத படிமங்களிலிருந்து தொடங்கி, 80 வீதத்துக்கு இறங்கும்வரை நீக்கி, அவ்வளவில் நின்றுவிடும். ஆக்கிய நாளை நோக்காது பயன்பட்ட காலத்தை நோக்குதல் அதன் சிறப்பு.

எல்லையைத் தாண்டியிருப்பின் வரவேண்டிய வரிகள் இவை:

டொக்கர் கொன்ரெயினர் புரூன் -எவ் --பில்ரர் அன்ரில்=72எச் --பில்ரர் லேபல்!=கீப்

டொக்கர் இமேஜ் புரூன் -எவ்

டொக்கர் பில்டர் புரூன் -எவ் --பில்ரர் அன்ரில்=168எச்

முதல் வரியிலுள்ள ‘லேபல்!=கீப்’ என்பதைக் கவனிக்க. கொள்கலனை ஓட்டும்போது ‘--லேபல் கீப்=யெஸ்’ என்று அடையாளச் சீட்டொன்றை ஒட்டியிருந்தால் அதனை இக்கோவை தொடாது. நம் மனத்திலிருந்த வேரைக் கணினிக்கு எழுதிக் காட்டும் வழி இதுவே. மேலே கூறிய அன்ரில் வடிகட்டியின் குறையை நிரப்புவதும் இச்சீட்டுத்தான். ஆறு மாதம் ஓடி நேற்று நின்ற கொள்கலன் நமக்கு வேண்டியதாயின் சீட்டு அதனைக் காக்கும். ‘-ஏ’ என்பதை நாம் இக்கோவையில் இடவில்லை. இட வேண்டிய இடங்களும் உண்டு: நாள்தோறும் புதுப்பெயரோடு படிமம் ஆக்கும் சேவையகத்தில், பெயரும் வேராகக் கொள்ளப்பட்டால் ஒன்றும் நீங்காது. அங்கே -ஏ இடுக; ஆயின் ஆக்கல் வேலைகள் நடவாத வேளையில் இடுக. ஒரு வேலை படிமத்தை இறக்கி முடித்துக் கொள்கலன் ஆக்குதற்கு முன்னுள்ள சிறு இடைவெளியில் புரூன் நுழைந்தால், இறக்கிய படிமம் வேரற்றதாய் மறையும். காரணங் காணவியலாத பிழையாக அது தோன்றும்.

களஞ்சியத்துக்கு நீக்கல் வரி ஒன்றும் எழுதவில்லை, வேண்டுமென்றே விட்டோம். அதற்குப் பதிலாக ‘டொக்கர் வொலியூம் எல்எஸ் -எவ் டாங்கிளிங்=றூ’ என்பதை இட்டு, எக்கொள்கலனாலுஞ் சுட்டப்படாத களஞ்சியங்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவைக்குமாறு செய்க. இவ்வரி காட்டுவதன்றி நீக்குவதில்லை. வாரமொருமுறை மனிதர் ஒருவர் அப்பட்டியலைப் பார்த்து, ஐயமுள்ளதைப் பிரதியெடுத்து, பின் கையால் நீக்கலாம். ஓடுந் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே பிரதியெடுத்தல் போதாது. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டைப் படமெடுத்தது போலாகும். தரவுத்தளத்துக்கே உரிய ஏற்றுமதிக் கருவியைப் பயன்படுத்துக. 2015 நவம்பருக்கு முன்னர் களஞ்சியங்களைப் பேணுதற்கெனத் தனிக் கட்டளை இல்லாமையால், தரவைத் தாங்குதற்கென்றே ஓடாத கொள்கலன்களை ஆக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. அக்காலத்து அமைப்பு இன்னும் எங்கேனும் இயங்குமாயின் முதல் வரியும் அங்கே ஆபத்தானதே. 

குப்பையை அகற்றுவதினும் குறைவாக உண்டாக்குதல் எளிது. ஒருமுறை பார்த்துவிட்டு விடும் கொள்கலனை ‘--ஆர்எம்’ இட்டு ஓட்டினால் நின்றவுடன் தானே நீங்கும். 2017 மேயில் வந்த பலநிலை ஆக்கல் முறையால், தொகுப்பிகள் முதலிய கருவிகளை முதல் நிலையோடு விட்டு, விளைந்த நிரலை மட்டும் இறுதிப் படிமத்துக்கு எடுத்துச் செல்லலாம்; படிமம் பன்மடங்கு சிறுக்கும்.

அவசரத்தில் ‘/வார்/லிப்/டொக்கர்’ அடைவுக்குள் நேரே புகுந்து பெரிய அடைவுகளைக் கண்டு நீக்குவோர் உளர். அங்குள்ள ‘ஓவர்லே2’ என்னும் பகுதியே பெரிதாகத் தோன்றும். அதிலுள்ளவை பல படிமங்கள் பகிர்ந்துகொள்ளும் படைகள். எதனை எது சுட்டுகின்றது என்னுங் கணக்கு டொக்கரிடம் வேறாக உளது. கையால் ஒரு படையை நீக்கினாற் கணக்கு ஒன்று கூறும், வட்டு வேறொன்று கூறும். அதன்பின் படிமங்கள் ஓடவும் மறுக்கும், முறைப்படி நீங்கவும் மறுக்கும்.

எல்லாவற்றையும் நீக்கிய பின்னும் வட்டு நிறைந்தே இருக்குமாயின், ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலன்களின் பதிவேடுகளை நோக்குக. கொள்கலன் திரையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் டொக்கர் ஜேசன் வடிவிலே ஒரு கோப்பிற் சேர்த்துக்கொண்டே போகும். நாம் எல்லை விதிக்காவிடின் அக்கோப்புக்கு எல்லை இல்லை. ஓயாது பிழை கூறும் ஒரு சிறு நிரல் தனியொன்றாகவே வட்டை நிறைத்துவிட வல்லது. ஓடுவது வேராதலின் எந்தப் புரூன் கட்டளையும் அதனை அணுகாது. டொக்கரின் அமைப்புக் கோப்பாகிய ‘டேமன்.ஜேசன்’ என்பதிற் பதிவேட்டுக்குரிய ‘மாக்ஸ்-சைஸ்’, ‘மாக்ஸ்-பைல்’ என்னும் இரண்டையும், உதாரணமாக 10 மெகாபைற்று, 3 கோப்பு என்று குறித்துவிட்டு டொக்கரை மறுபடி தொடக்குக. இவ்வெல்லை அதன்பின் ஆக்கப்படும் கொள்கலன்களுக்கே பொருந்தும். முன்னரே உள்ளவற்றை நீக்கிப் புதிதாக ஆக்குதல் வேண்டும். அவற்றின் களஞ்சியங்களுக்குப் பெயர் இட்டிருக்கின்றதா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்க.